அன்லாக் செய்வதற்கு முன் எந்த பேக்கப்?

பூட்லோடரை (ஃபோனை ஆன் செய்ததும் இயங்குதளத்தை ஏற்றும் மென்பொருள்) அன்லாக் செய்தால் ஃபோனில் உள்ள டேட்டா மொத்தமும் அழியும். திருடு போன ஃபோனை யாரும் திறந்து உள்ளே இருப்பதைப் படித்துவிடக் கூடாது என்று ஆண்ட்ராய்டில் வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு இது. லினியேஜ் ஓஎஸ் என்ற மாற்று ஆண்ட்ராய்டு இயங்குதளத்தைப் போடுவது, ரூட் செய்வது (ஃபோனின் முழு அதிகாரத்தையும் பெறுவது) எல்லாம் இந்த அழிப்புக்குப் பிறகுதான்.

பேக்கப் பற்றிக் கேட்டால் பலரும் முதலில் சொல்வது டி.டபிள்யூ.ஆர்.பி., இல்லாவிட்டால் நியோ பேக்கப். முன்னது கஸ்டம் ரிகவரி, அதாவது ஃபோனின் மீட்புத் திரைக்குப் பதிலாகப் போடும் வெளி மென்பொருள். பின்னது ஒரு பேக்கப் ஆப், அதற்கு ரூட் வேண்டும். இரண்டுக்குமே பூட்லோடர் ஏற்கெனவே திறந்திருக்க வேண்டும், திறந்தாலோ டேட்டா போய்விடும். ஆக, முதல்முறை அன்லாக் செய்பவருக்கு இவை உதவாது. கம்ப்யூட்டரிலிருந்து ஓட்டும் ஏடிபி பேக்கப் என்ற பழைய கட்டளையையும் மறந்துவிடலாம். ஆண்ட்ராய்டு 12-லிருந்து, அதற்கேற்பப் புதுப்பிக்கப்பட்ட ஆப்களின் டேட்டா அதில் சேர்வதில்லை.

மிச்சம் மூன்று வழிகள்: கூகுள் பேக்கப், ஃபோன் கம்பெனியின் மென்பொருள், கம்ப்யூட்டரில் நாமே நகலெடுப்பது.

கூகுள் பேக்கப்பில் உழைப்பு குறைவு. தொடர்பு எண்கள், எஸ்எம்எஸ், அழைப்புப் பட்டியல், ஆப்களின் பட்டியல் எல்லாம் தானாகவே போய்ச் சேரும். ஆப்களின் உள்ளே இருக்கும் டேட்டாவுக்குத்தான் நம்பிக்கை இல்லை. ஓர் ஆப்புக்கு 25 எம்பி வரைதான் இடம், அதையும் ஆப்பை எழுதியவர் வேண்டாம் என்று தடுத்துவிடலாம். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியை ஜிமெயில், படங்கள், வாட்ஸ்அப் பேக்கப் எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. அப்புறம், புதிய ஆண்ட்ராய்டில் எடுத்ததைப் பழைய ஆண்ட்ராய்டில் மீட்க முடியாது. கூகுள் சேவைகளே இல்லாத ரோம் (ஃபோனில் ஏற்றும் இயங்குதளம்) போடப்போகிறவர் இதை மட்டும் நம்பினால் கையில் ஒன்றும் இருக்காது.

கம்பெனி மென்பொருளுக்கு சாம்சங்கின் ஸ்மார்ட் ஸ்விட்ச் நல்ல உதாரணம். ஒரு சாம்சங்கிலிருந்து இன்னொரு சாம்சங்குக்கு மாறும்போது அருமையாக வேலை செய்யும். கஸ்டம் ரோம் போட்ட பிறகு அதை நம்பி இருக்க முடியாது. செக்யூர் ஃபோல்டர் என்ற சாம்சங்கின் பூட்டிய பகுதியில் வைத்திருப்பதை முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். கஸ்டம் மென்பொருள் ஏற்றினால் மென்பொருள் மாற்றப்பட்டதை நிரந்தரமாகக் குறித்துவைக்கும் நாக்ஸ் ஃபியூஸ் எரிந்துவிடும். பழைய மென்பொருளுக்கே திரும்பினாலும் செக்யூர் ஃபோல்டர் வசதி மீளாது.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு. மெனக்கெட வேண்டும்தான், ஆனால் எது வந்தது, எது வரவில்லை என்று கண்ணால் பார்க்கலாம். கேபிளைச் செருகி டிசிஐஎம் (கேமரா படங்கள் இருக்குமிடம்), டவுன்லோட் ஃபோல்டர்களை நகலெடுங்கள். வாட்ஸ்அப்பில் கையால் ஒரு பேக்கப் ஓட்டிவிட்டு, ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள் மீடியா என்பதன் கீழ் இருக்கும் வாட்ஸ்அப் ஃபோல்டரை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். புதிய ரோமில் அதே இடத்தில் அதை வைத்த பிறகு வாட்ஸ்அப்பை நிறுவி, அதே எண்ணில் பதிவு செய்தால் உரையாடல்கள் திரும்பிவரும். சிக்னல் போன்ற மெசேஜ் ஆப்களுக்குத் தனியாக பேக்கப் எடுக்க வேண்டும். கூகுளை விட்டு விலகாதவர்களும் இதோடு கூகுள் பேக்கப்பையும் ஓடவிடுவது நல்லது.

அன்லாக் ஆன பிறகு களம் மாறுகிறது. டி.டபிள்யூ.ஆர்.பி. சிஸ்டத்தை அப்படியே படியெடுக்கும். ஆனால் உள்சேமிப்பில் உள்ள படங்கள் அதில் வராது, புதிய ஃபோன்கள் பலவற்றில் டேட்டாவின் என்கிரிப்ஷனை (குறியாக்கப் பூட்டை) அதனால் திறக்கவும் முடிவதில்லை. ஆப் ஆப்பாக எடுக்கும் நியோ பேக்கப் அதைவிட மேல். ரூட் செய்தால் வங்கி ஆப்கள் பல ஓட மறுக்கும், பூட்லோடர் திறந்திருந்தாலே முரண்டு பிடிப்பவையும் உண்டு. யுபிஐ இல்லாமல் நாள் நகராதவர்கள் ரூட் கேட்காத சீட்வால்ட் என்ற பேக்கப் வசதியைப் பாருங்கள். லினியேஜ் ஓஎஸ்ஸிலேயே இருக்கிறது, பென்டிரைவில் சேமிக்கும். அது தரும் 12 சொற்களைத் தொலைத்தால் பேக்கப்பைத் திறக்க முடியாது.

எந்த வழியில் போனாலும், அன்லாக் கட்டளைக்கு முன் உள்நுழையும்போது கேட்கும் இரண்டாம் கட்டக் குறியீட்டைத் தரும் அத்தென்டிகேட்டர் ஆப்பைத் திறந்து குறியீடுகளை இன்னொரு ஃபோனுக்கு மாற்றிவிடுங்கள். கூகுள் கணக்கின் இரண்டாம் கட்டக் குறியீடு அழியப்போகும் ஃபோனில் மட்டுமே இருந்தால், கணக்குக்குள்ளேயே நுழைய முடியாமல், கூகுள் பேக்கப் பத்திரமாக இருந்தும் கைக்கு எட்டாது. அதற்காகவே கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் 10 பேக்கப் குறியீடுகள் கிடைக்கின்றன. அவற்றைத் தாளில் அச்செடுத்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.