இரத்தத் தீவில் பதினான்கு ஆண்டுகள்

இந்தப் படங்களை முதலில் சிரிப்பதற்காகவே தேடிப் பிடித்தேன் என்பதை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும். 1950களின் இறுதியிலிருந்து 1970களின் தொடக்கம் வரை பிலிப்பைன்ஸில் எடுக்கப்பட்டு, அமெரிக்க டிரைவ்-இன் அரங்குகளில் காருக்குள் அமர்ந்து படம் பார்த்த இளைஞர்களை நம்பி விற்கப்பட்ட குறைந்த செலவு அரக்கப் படங்களைப் பதினான்கு ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பார்த்து வருகிறேன். மங்கிய பிரதியிலிருந்து எடுத்த கணினிக் கோப்பு, பிறகு டிவிடி, 2018க்குப் பின் வந்த புளூ-ரே என மூன்று வடிவங்களிலும் இவை என்னிடம் இருக்கின்றன. ஒரே முறை பார்த்துவிட்டு எழுதப்பட்ட விமர்சனங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் பெரும்பாலானவை ரப்பர் முகமூடியைத் தாண்டுவதில்லை. பத்து முறை பார்த்தவனுக்கு முகமூடி பழகிவிடுகிறது. பழகிய பின்பும் மிஞ்சுவது என்ன என்பதைப் பற்றியே இந்தப் பகிர்வு.

முதலில் அடிப்படைத் தகவல்கள். ‘இரத்தத் தீவு’ (பிளட் ஐலண்ட்) படங்கள் எனப்படும் இந்த வரிசையின் முதல் படம் 1959இல் வந்த ‘டெரர் இஸ் எ மேன்’. இயக்கியவர் ஜெரார்டோ டி லியோன். தயாரிப்பில் எடி ரோமெரோவும் அமெரிக்கரான கேன் லின்னும் இருந்தார்கள். பின்னாளில் இவர்களின் கூட்டு ‘ஹெமிஸ்பியர் பிக்சர்ஸ்’ என்ற நிறுவனமாக வளர்ந்தது. 1898 முதல் 1946 வரை அமெரிக்க ஆட்சியில் இருந்த நாடு என்பதால் பிலிப்பைன்ஸில் ஆங்கிலம் சரளமாகப் புழங்கியது. மணிலாவில் போருக்கு முன்பிருந்தே ஸ்டுடியோக்களும் கைதேர்ந்த தொழிலாளர்களும் இருந்தார்கள். டாலரில் பார்த்தால் செலவு மிகக் குறைவு. காடும் கடற்கரையும் செட் போடாமலே கிடைத்தன. ஆக, ஹாலிவுட்டில் இரண்டு அறைகளுக்குள் முடக்கப்பட்டிருக்கக்கூடிய ஒரு கதைக்கு இங்கே ஒரு முழுத் தீவே கிடைத்தது.

எச். ஜி. வெல்ஸின் மோரோ தீவுக் கதையின் சாயலைக் கொண்ட இந்தப் படத்தில், ஒரு மருத்துவர் சிறுத்தையை அறுவை சிகிச்சையால் மனிதனாக்க முயல்கிறார். படம் தொடங்குமுன் ஓர் அறிவிப்பு வருகிறது: கொடூரமான காட்சிக்கு முன் மணி ஒலிக்கும், இளகிய மனமுடையோர் கண்களை மூடிக்கொள்ளலாம், மீண்டும் மணி ஒலித்ததும் திறக்கலாம். முதல்முறை பார்த்தபோது அந்த மணிக்காகவே காத்திருந்தேன். கத்தி தோலில் இறங்கும் காட்சி கண நேரமே வருகிறது. மணி எழுப்பிய எதிர்பார்ப்பில் பாதியைக்கூட அது தாங்கவில்லை. நான்காவது முறைக்குப் பிறகு என் கவனம் வேறிடத்திற்குப் போயிற்று. படத்தின் பெரும்பகுதியில் அந்த உயிரினத்தின் முகம் துணிக்கட்டுகளால் சுற்றப்பட்டிருக்கிறது; வெளியே தெரிபவை கண்கள் மட்டுமே. டி லியோன் விளக்கொளியை அந்தக் கண்களுக்குக் கொடுத்துவிட்டு, அறையின் மீதியை இருட்டில் விட்டுவிடுகிறார். அவர் முறையாக மருத்துவம் படித்தவர் என்பது பின்னால்தான் எனக்குத் தெரியவந்தது. அறுவை மேசையைச் சுற்றி ஆட்கள் நிற்கும் விதத்தில் தெரியும் நிதானத்திற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

அடுத்து வருபவை வண்ணப் படங்கள்: 1968இல் ‘பிரைட்ஸ் ஆஃப் பிளட்’, 1969இல் ‘மேட் டாக்டர் ஆஃப் பிளட் ஐலண்ட்’, 1970இல் ‘பீஸ்ட் ஆஃப் பிளட்’. மூன்றிலும் நாயகன் அமெரிக்க நடிகர் ஜான் ஆஷ்லி. முதலிரண்டை டி லியோனும் ரோமெரோவும் சேர்ந்து இயக்கினார்கள். மூன்றாவதை ரோமெரோ தனியாக இயக்கினார். நீண்ட காலப் பயன்பாட்டில் இவை மூன்றும் ஒரே மாதிரி தேயவில்லை.

‘பிரைட்ஸ் ஆஃப் பிளட்’ மிக விரைவாகத் தேய்ந்தது. அணுக்கதிர் வீச்சால் தீவின் மரங்கள் கைகளைப் போல நீண்டு ஆளைப் பிடிக்கின்றன, இரவில் ஓர் அரக்கன் வருகிறான், ஊரார் சீட்டுக் குலுக்கி இளம்பெண்களைப் பலி கொடுக்கிறார்கள். கருத்தாகக் கேட்கும்போது இருக்கும் ஈர்ப்பு, அந்த அரக்கன் உருகிய மெழுகுப் பொதியைப் போல நடந்து வரும்போது கலைந்துவிடுகிறது. அமெரிக்க அரங்குகளில் இப்படத்திற்குப் பெண்களுக்குப் பிளாஸ்டிக் மணமோதிரம் இலவசமாகக் கொடுத்தார்கள். படத்தைவிட அந்த மோதிரத்தின் கதையை நான் அதிகம் பேருக்குச் சொல்லியிருப்பேன்.

‘மேட் டாக்டர்’ வேறு ரகம். பச்சையத்தைக் கொண்டு நோயைக் குணப்படுத்த முயலும் டாக்டர் லோர்காவின் சோதனையால் பச்சை இரத்தம் கொண்ட அரக்கன் உருவாகிறான். படத்தின் தொடக்கத்தில் பார்வையாளர்கள் எடுக்க வேண்டிய ‘பச்சை இரத்த உறுதிமொழி’ ஒன்று உண்டு. அரங்கில் அதற்கென்றே சிறு பொட்டலங்களில் பச்சைத் திரவம் விநியோகித்தார்கள். ஒருமுறை வீட்டுச் சுவரில் புரொஜெக்டர் வைத்து நண்பர்களுக்கு இதைக் காட்டியபோது, உறுதிமொழிக் காட்சிக்காகப் பச்சைச் சாயமிட்ட சர்பத்தை ஆளுக்கொரு கோப்பை கொடுத்தேன். சர்பத்து எல்லோருக்கும் பிடித்தது. ஆனால் அரக்கன் தாக்கும் காட்சிகளில் கேமராவின் ஜூம் நிற்காமல் உள்ளே வெளியே, உள்ளே வெளியே என்று துடிக்கிறது. பெரிய திரையில் அதைப் பார்த்த ஒரு நண்பர் பாதியில் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். சிறிய திரையில் அந்தத் துடிப்பு வெறும் விசித்திரமாகவே தெரிகிறது. சுவரளவு பெரிதாக்கினால் உண்மையிலேயே தலை சுற்றுகிறது. பலவீனமான ஒப்பனையை மறைக்கச் செய்த தந்திரம் என்றுதான் பல காலம் நினைத்திருந்தேன்; அந்த இரவுக்குப் பிறகு, பார்ப்பவரின் உடலையே குறிவைத்த உத்தியாகவும் அதைக் கருதத் தொடங்கினேன்.

‘பீஸ்ட் ஆஃப் பிளட்’டில் வெட்டப்பட்ட தலை மேசையில் உயிரோடிருக்கிறது, உடல் தனியே கிடக்கிறது. அந்தத் தலை லோர்காவோடு பேசத் தொடங்கும் காட்சிகள் எத்தனை முறை பார்த்தாலும் சலிப்பதில்லை. இந்த முறை லோர்காவாக நடித்த எடி கார்சியா, அபத்தமான வசனங்களைக்கூட ஒரு நகைக்கடை முதலாளியின் மரியாதையோடு பேசுகிறார். மீதிப் படம் காட்டுக்குள் துப்பாக்கிச் சண்டை. அதைத் தாராளமாக ஓட்டிவிடலாம்.

இவை எதற்காகக் கட்டமைக்கப்பட்டவை என்பதைப் புரிந்துகொண்டால் குறைகளில் சில குறைகளாகத் தெரிவதில்லை. காருக்குள் இருப்பவர்கள் பேசுவார்கள், தின்பண்டம் வாங்கப் போவார்கள், பாதியில் வந்து சேர்வார்கள். சன்னலோரம் தொங்கும் சிறு ஒலிபெருக்கியில்தான் வசனம் கேட்கும். அதனால்தான் கதாபாத்திரங்கள் நடந்ததையே மீண்டும் சொல்கிறார்கள். அதனால்தான் குறிப்பிட்ட இடைவெளியில் ஓர் அலறல் வந்தாக வேண்டும். கைப்பேசியைப் புரட்டியபடியே படம் பார்க்கும் இன்றைய வீட்டுக்கூடம் இவற்றுக்கு எதிர்பாராத விதமாகப் பொருந்திப்போகிறது.

ஆனால் நான் யாருக்கேனும் ஒரே ஒரு படத்தைக் கொடுக்க வேண்டுமென்றால் அது இரத்தத் தீவு வரிசையைச் சேர்ந்ததாக இருக்காது. டி லியோன் 1964இல் எடுத்து, பின்னர் அமெரிக்காவில் ‘தி பிளட் டிரிங்கர்ஸ்’ என்ற பெயரில் வெளியான ‘குலாய் டுகோ ஆங் காபி’யையே கொடுப்பேன். வண்ணப் படச்சுருள் அரிதாகவும் விலை மிகுந்தும் இருந்த காலம் அது. எனவே சில காட்சிகள் முழு வண்ணத்தில் உள்ளன. மற்றவை கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டு நீலமும் சிவப்பும் ஏற்றப்பட்டவை. இல்லாமையை மறைக்க முயலாமல் அதையே ஒரு மொழியாக்கியிருக்கிறார் இயக்குநர்: நீலம் என்றால் இரவு, சிவப்பு பரவினால் இரத்தக் காட்டேரி அருகில் இருக்கிறான். மொட்டைத் தலையும் கறுப்புக் கண்ணாடியுமாக வரும் டாக்டர் மார்கோ, தன் காதலி கத்ரினாவைப் பிழைக்க வைக்க அவளுடைய இரட்டைச் சகோதரியின் இதயத்தைத் தேடி வருகிறான். இரு சகோதரிகளாகவும் அமாலியா ஃபுயென்டெஸ் நடித்திருக்கிறார். நூலில் ஆடும் வௌவாலைப் பார்த்து நானும் சிரித்தேன், இன்றும் சிரிக்கிறேன். ஆனால் பாதிரியாரும் ஊராரும் பிரார்த்திக்கும்போது சிவப்பு விலகி முழு வண்ணம் திரும்பும் இடத்தில், காட்டேரியின் முகத்திலும் ஒரு கணம் மனிதச் சாயல் வந்து போகிறது. பழைய கோப்பில் எல்லாச் சாயமும் ஒரே பழுப்பாகிவிட்டதால் இந்த மாற்றமே எனக்குத் தெரியவில்லை. புதிதாக ஸ்கேன் செய்த பிரதியில்தான் அது புரிந்தது. அதற்கு முந்தைய ஐந்தாறு பார்வைகளை வீணென்றே கணக்கில் எழுதிக்கொண்டேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தீவு மக்கள் பெரும்பாலும் பெயரற்ற கூட்டமாக வருகிறார்கள். தங்கள் நாட்டிலேயே எடுக்கப்பட்ட படத்தில் அவர்கள் ஓடுவதற்கும் சாவதற்குமே பயன்படுகிறார்கள். பெண்களைக் கட்டி வைத்து ஆடை கிழியும் காட்சிகள் டிரைவ்-இன் சந்தைக்கான கட்டாயச் சரக்கு. முதல்முறை கடந்து போய்விட்டாலும், திரும்பப் பார்க்கையில் அவைதான் அதிகம் உறுத்துகின்றன. வாங்குவதிலும் கவனம் தேவை. வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் நான் வாங்கிய முதல் டிஸ்க், எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்பதைத் தீர்மானிக்கும் மண்டலக் குறியீடு பொருந்தாமல் என் பிளேயரில் ஓடவே இல்லை. திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார். தலைப்பில் ‘பிளட்’ என்று இருப்பதை நம்பியும் ஏமாறக் கூடாது: 1971இல் வந்த ‘பிரெய்ன் ஆஃப் பிளட்’ இதே ஹெமிஸ்பியர் நிறுவனத்துக்காக ஆல் ஆடம்சன் அமெரிக்காவிலேயே எடுத்தது. அதில் அந்தக் காடும் இல்லை, அந்த ஒளியும் இல்லை.

அதற்குள் ரோமெரோவும் ஆஷ்லியும் தனியே படமெடுக்கத் தொடங்கியிருந்தார்கள். 1971இன் ‘பீஸ்ட் ஆஃப் தி யெல்லோ நைட்’டில் சாத்தானாக வரும் விக் டியாஸ் ஒருவருக்காகவே ஒரு மாலையைச் செலவிடலாம். 1972இன் ‘தி ட்விலைட் பீப்பிள்’ மீண்டும் மோரோ தீவுக்கே திரும்புகிறது. சிறுத்தைப் பெண்ணாகப் பாம் கிரியர் வருகிறார் என்பதைத் தவிர அதில் எனக்குப் பெரிய ஈடுபாடில்லை.

டி லியோனுக்கு 1982இல், மறைவுக்குப் பிறகு, பிலிப்பைன்ஸின் ‘தேசியக் கலைஞர்’ பட்டம் வழங்கப்பட்டது, ரோமெரோவுக்கு 2003இல். அந்தப் பட்டங்கள் இந்த அரக்கப் படங்களுக்காகக் கிடைத்தவை அல்ல. ஆனாலும் முதல்முறை பார்ப்போரிடம் இதைப் படத்துக்கு முன் சொல்லக் கூடாது என்பது என் அனுபவம். சொன்னால் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொள்கிறார்கள், படமும் இறுகிவிடுகிறது.

புதியவர்களுக்கு நான் கூறும் வரிசை இதுதான்: கூட்டமாக இருந்தால் ‘மேட் டாக்டர்’, சர்பத்துடன். தனியாக இருந்தால் ‘தி பிளட் டிரிங்கர்ஸ்’. பிடித்துப்போனால் மட்டும் ‘டெரர் இஸ் எ மேன்’. அதை இரவில், விளக்கணைத்து, இறுதிவரை பார்க்க வேண்டும். காயம்பட்ட சிறுத்தை மனிதனை ஒரு தீவுச் சிறுவன் படகில் ஏற்றிக் கடலுக்குள் தள்ளிவிடும் காட்சியில் படம் முடிகிறது. அதற்கு முன் எந்த மணியும் ஒலிப்பதில்லை.