நிசிரோஸ்: ஆகஸ்டில் ஊர் திரும்புபவர்கள் கவனத்துக்கு

ஆகஸ்ட் 15 மாதா திருவிழாவுக்குக் கிரீஸின் நிசிரோஸ் தீவுக்கு வருகிறவர்கள் படகு நேரத்துக்கு முன்னால் காற்றைப் பார்க்க வேண்டும். ஏகியன் கடலில் ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்டெமி காற்று அடிக்கும். பலமானால் துறைமுகக் காவலர்கள் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். முதலில் நிற்பவை சின்னப் படகுகள். பக்கத்துத் தீவான கோஸின் விமான நிலையத்தில் இறங்கி, அருகிலுள்ள கார்தமேனா துறையிலிருந்து ஏறும் படகும் அந்த ரகம்தான். காற்று அடங்கியிருந்தால் ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்க்கும். 14ஆம் தேதி வந்துவிடலாம் என்று டிக்கெட் போடாதீர்கள், 12க்குள் தீவில் இருங்கள். திரும்பும்போது படகுக்கும் விமானத்துக்கும் இடையில் ஓர் இரவைக் கோஸில் வையுங்கள். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து வரும் பெரிய கப்பல் காற்றை ஓரளவு தாங்கும், ஆனால் தினமும் கிடையாது.

தீவின் பரப்பு சுமார் 41 சதுர கிலோமீட்டர், ஆண்டு முழுக்க இருப்பவர்கள் ஆயிரம் பேர் அளவுதான். பிழைப்புக்காக நியூயார்க்கின் ஆஸ்டோரியாவுக்கும் ஏதென்ஸுக்கும் போன குடும்பங்கள் ஆகஸ்டில் ஒரே நேரத்தில் வந்து இறங்கும்போது தண்ணீர், அறை, பேருந்து எல்லாவற்றுக்கும் இழுபறி. குடிக்கத்தக்க ஊற்று நீர் இல்லாத தீவு இது. மழைநீர்த் தொட்டியும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும்தான் ஆதாரம். குடிக்கப் புட்டித் தண்ணீர் வாங்குங்கள். கையில் ரொக்கத்தைக் கோஸிலேயே எடுத்துவிடுவது நல்லது. பெரிய வைத்தியம் என்றால் கோஸ் மருத்துவமனைக்குத்தான் படகேற வேண்டும், தினசரி மாத்திரைகளை ஒரு வாரத்துக்குக் கூடுதலாகவே கொண்டுவாருங்கள்.

தாத்தா வீட்டுப் பத்திர வேலையையும் இதே பயணத்தில் முடித்துவிடலாம் என்று வருபவர்கள் பலர். அது நடக்காத காரியம். 15 அரசு விடுமுறை, அதைச் சுற்றிய நாட்களில் வக்கீலும் நோட்டரியும் அகப்படுவது கடினம். சொத்து எதற்கும் கிரேக்க வரி எண் முதலில் வேண்டும். அதை வெளிநாட்டிலிருந்தே துணைத் தூதரகம் அல்லது ஒரு பிரதிநிதி வழியாக வாங்கிவிட்டு, பத்திர வேலையை வசந்த காலத்துக்கு வையுங்கள்.

எரிமலைக்கு எல்லாரும் போகிறார்கள், பெரும்பாலோர் தப்பான நேரத்தில். கோஸிலிருந்து ஒருநாள் சுற்றுலாவாக வரும் கூட்டம் நண்பகலை ஒட்டி ஸ்தெஃபானோஸ் பள்ளத்தில் இறங்குகிறது. மேலே வெயில், கீழே நீராவி. பத்து மணிக்கு முன்போ, மாலை ஐந்துக்கு மேலோ போனால் தரையின் மஞ்சள் கந்தகப் படிகங்களைக் கிட்டே குனிந்து பார்க்கலாம்: ஊசி ஊசியாக, ஊதினாலே உதிரும்போல நிற்கும். பள்ளத்தின் குறுக்களவு சுமார் 300 மீட்டர், ஆழம் 30 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆவித்துளைகளின் சூடு 100 டிகிரியை ஒட்டி இருக்கும். சில இடங்களில் மேலோடு மெல்லியது, அடியில் கொதிக்கும் சேறு. கயிறு கட்டிய இடத்தைத் தாண்டக் கூடாது. தடித்த அடியுள்ள மூடிய காலணி வேண்டும். ஆவியோடு வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வெள்ளியைக் கறுக்க வைக்கும், கொலுசையும் மோதிரத்தையும் அறையிலேயே விட்டுவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் விளிம்பிலிருந்து பார்த்தால் போதும்.

எழுதப்பட்ட வரலாற்றில் இங்கே எரிகுழம்பு வழிந்ததில்லை. 1871 முதல் 1873 வரையும் 1887இலும் நடந்தவை நிலத்தடி நீர் சூடேறி, அழுத்தம் தாங்காமல் ஆவியாக வெடித்தவை. 1887இல் திறந்த பள்ளத்துக்குப் பெயர் சின்னப் போலிபோதிஸ். போலிபோதிஸ் என்பது பழங்கதையில் வரும் ஓர் அரக்கன். கடல் தெய்வம் போசைடன் கோஸ் தீவில் ஒரு துண்டைத் திரிசூலத்தால் வெட்டி அவன் மேல் எறிந்து புதைத்தார் என்கிறது பழங்கதை. அந்தத் துண்டுதான் நிசிரோஸாம். இந்தப் பள்ளங்களெல்லாம் அடங்கிய பெரிய எரிமலைக் கிண்ணத்தின் விளிம்பிலுள்ள நிக்கியா ஊரில் எரிமலை அருங்காட்சியகம் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு இறங்கினால் கீழே கிடப்பது புரியும். எம்போரியோஸ் ஊர் வாசலில் கதவுள்ள சிறு குகை ஒன்று, மலைச்சூடே நீராவிக் குளியல் தருகிறது. கட்டணம் கிடையாது.

திருவிழாவின் இடம் தீவின் துறைமுக ஊரான மந்திராகிக்கு மேல் உள்ள பனாயியா ஸ்பிலியானி. ரோட்ஸ் தீவை ஆண்ட புனித யோவான் சபைச் சிலுவைப்போர் வீரர்கள் 14ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டைக்குள், பாறைக் குகையில் அமைந்த மாதா கோயில். சுமார் 130 படிகள், நிழல் குறைவு. வயதானவர்களைக் காலையிலேயே ஏற்றிவிடுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். மாதா படத்தைச் சுற்றித் தொங்கும் வெள்ளித் தகடுகள், நம் கோயில்களில் கண்மலர் சாத்துவதுபோல, நேர்ந்துகொண்டவர்கள் தந்தவை.

இந்தத் திருவிழாவைத் தாங்குபவர்கள் எனியமெரீதிசெஸ் என்னும் பெண்கள். கறுப்புடை உடுத்து, 6ஆம் தேதி முதல் ஒன்பது நாள் நோன்பிருந்து கோயிலிலேயே இருப்பார்கள். பாத்திரம் துலக்குவது, விளக்கு, வழிபாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. நாளுக்கு 300 முறை குனிந்து நிமிர்ந்து வணங்குவதும் உண்டு. அவர்கள் நோன்பு நேரத்தில் கேமராவை நீட்டாதீர்கள், கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். 15ஆம் தேதி மாதா படத்தோடு ஊருக்குள் ஊர்வலம் இறங்கும்போது வேகவைத்த கோதுமையும் சர்க்கரையும் பாதாமும் சேர்ந்த கோலிவா தட்டுகளைத் தலையில் சுமந்து வருவார்கள். பிறகு பொதுப் பந்தி, அதன்பின் கூபா நடனம்: முன்னால் ஆடுபவர் கையில் கோப்பை, காணிக்கை அதற்குள்.

திருவிழாவுக்கு முந்தைய பொது நோன்பு நாட்களான 1 முதல் 14 வரை மரக்கறி சாப்பிடுபவர்களுக்கு நல்ல காலம். நோன்பு உணவு கேட்டால் இறைச்சி, முட்டை, பால் இல்லாதது வரும், ஆனால் கணவாய், இறால் நோன்பில் அனுமதி என்பதால் அதையும் வேண்டாமென்று சொல்ல வேண்டும். இந்த ஊர்ப் பித்தியா, கொண்டைக்கடலை வடை மாதிரி, சூடாகவே சாப்பிடுங்கள்; குடிக்க பாதாமில் செய்த சுமாதா. 15ஆம் தேதிப் பந்தி இறைச்சியோடுதான் இருக்கும் என்பதால் அன்று காலையே ரொட்டியும் பழமும் வாங்கி வைத்துவிடுங்கள், மளிகைக் கடை திறக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.