டேப் விசையும் ஒன்றரை வருஷமும்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "நிரல் எழுதுற விஎஸ் கோடுக்குள்ள அந்த ஏஐ உதவியாளரைக் காசு கட்டி வெச்சிருக்கீங்களே, நானும் வாங்கலாமா?" ஒரே வார்த்தையில் பதில் வரவில்லை. டேப் விசைதான் காரணம்.

பைத்தான் என்ற நிரல்மொழியில் வரியை உள்ளே தள்ள டேப் தட்டுவது என் விரலில் ஊறிய பழக்கம். உதவியாளர் பரிந்துரையாகச் சாம்பல் நிறத்தில் காட்டும் வரிகளை ஏற்கவும் அதே டேப். நாலு இடைவெளி கேட்டுத் தட்டினால் பதினாலு வரி கொட்டும். செய்ததைத் திரும்பப் பெறும் கன்ட்ரோல் இசட் இல்லாவிட்டால் என்றோ அதைக் கழற்றி எறிந்திருப்பேன்.

இதைவிட மோசம், படிக்காமலே ஏற்றுக்கொள்வது. குறுக்கெழுத்துக் கட்டம் போட ஒரு சின்ன நிரல் எழுதினேன். 'சொல்லில் எத்தனை எழுத்து' என்று நிரலுக்குள்ளேயே கமென்ட், அதாவது குறிப்பு, போட்டதுமே நீளத்தை எண்ணும் லென் வைத்து ஒரு வரி வந்தது; தட்டிவிட்டேன். அச்செடுத்துக் கொடுத்தால், "மாமா, தமிழ்னு எழுதினா ரெண்டு கட்டம் மிச்சமா இருக்கு" என்றாள் தங்கை மகள். நமக்கு த, மி, ழ் மூன்றுதான். கணினி எழுத்துகளைக் குறித்துவைக்கும் யூனிகோடில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாகச் சேர, பைத்தான் ஐந்து என்கிறது. அதன் தப்பு பாதி, என் டேப்பின் தப்பு பாதி.

அப்புறம் கமென்ட்டிலேயே 'தமிழ் = 3, கொக்கு = 3' என்று மாதிரி எழுதினேன். தமிழ் எழுத்துகளைக் கையாளும் ஆயத்த நிரல் தொகுப்பான ஓபன்-தமிழ் நூலகத்தைப் பயன்படுத்திய பழைய கோப்பு ஒன்றையும் பக்கத்தில் திறந்து வைத்தேன். இந்த முறை எழுத்துகளைப் பிரிக்கும் ஃபங்ஷனை (ஒரு வேலையைச் செய்யும் நிரல்துண்டை) அதுவே சரியாக எடுத்துக்கொண்டது. விளக்கமாக நாலு வரி எழுதுவதைவிட ரெண்டு உதாரணம் கொடுப்பது மேல். நிரலைச் சரிபார்க்கும் சோதனைகள் எழுதச் சொன்னால் நான் மறந்துபோகும், எழுத்தே இல்லாத வெற்றுச் சொல்லையும் சேர்த்தே போடுகிறது. அதில் குறை சொல்ல மனசு வரவில்லை.

டேப்புக்கு வைத்தியம் ஷார்ட்கட் பட்டியலிலேயே இருந்தது, நான்தான் ஒரு வருஷம் தேடவில்லை. பரிந்துரையை ஏற்கும் கட்டளைக்கு வேறு விசை கொடுத்து, டேப்பை அதிலிருந்து எடுத்துவிட்டேன். கன்ட்ரோலோடு வலது அம்புக்குறி தட்டினால் ஒவ்வொரு சொல்லாக ஏற்கலாம். இப்போது பெரும்பாலும் அதுதான். உரைக் கோப்புகளில் உதவியாளரை அடியோடு அணைத்துவிட்டேன். வீட்டு வாடகைக் கணக்கு எழுத உட்கார்ந்தால் 'மேற்படி' என்று ஆரம்பிக்கிறது, யார் கேட்டார்கள்?

சரி, நண்பருக்கு என்ன சொன்னேன்? "வாங்காதீங்க." அன்று காலைதான் கமிட் போடாத, அதாவது பழைய வடிவத்தைப் பதிந்து வைக்காத, கோப்பைக் கொடுத்து ஒரு பெயரை மாற்றச் சொல்லியிருந்தேன். அது கேட்காமலே பக்கத்து ஃபங்ஷன் ரெண்டைத் 'திருத்தி' வைத்திருந்தது. கடுப்பு இன்னும் இறங்கவில்லை.

"அப்போ நீங்க நிறுத்திட்டீங்களா?"

"இந்த மாசச் சந்தா நேத்துதான் கட்டினேன்."