எச்.ஓ.ஏ. உள்ள இடத்தில் வீடு வாங்கலாமா? டாலஸ் புறநகரிலிருந்து ஓர் அனுபவம்

இந்த ஆகஸ்டிலும் எங்கள் எச்.ஓ.ஏ.விடமிருந்து, அதாவது குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கத்திடமிருந்து, கடிதம் வந்துவிட்டது. வீட்டின் முன்புறப் புல் காய்ந்திருக்கிறது, 14 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், தவறினால் அபராதம் என்கிறது. கூடவே ஒரு புகைப்படம். காரை விட்டு இறங்காமலே எடுத்தது. படத்தின் ஓரத்தில் காரின் பக்கக் கண்ணாடி பாதி தெரிகிறது.

அதே வாரத்தில்தான் நியூ ஜெர்சியிலிருந்து டாலஸ் பக்கம் வேலை மாறி வரும் நண்பர் கேட்டார்: "எச்.ஓ.ஏ. உள்ள இடத்தில் வீடு வாங்கலாமா? நீங்கள் அனுபவப்பட்டவர், சொல்லுங்கள்." தொலைபேசியில் பேசினால் என் கோபம் மட்டும்தான் அவருக்குப் போய்ச் சேரும். நல்லதும் நிறைய இருப்பதால் எழுதியே அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். இதே கேள்வியோடு ஃபிரிஸ்கோ, பிராஸ்பர், செலைனா என்று டாலஸ் புறநகர்களில் அலைகிற மற்றவர்களுக்கும் உதவட்டும்.

முதலில் நீச்சல் குளம். ஜூலையில் வெயில் 100 டிகிரியைத் தாண்டும் ஊரில், நடந்துபோகும் தூரத்தில் சுத்தமான குளம் ஒன்று இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று இங்கே ஒரு கோடையைக் கழித்தவர்களுக்குத் தெரியும். என் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் நீந்தக் கற்றார்கள். தெலுங்குக் குடும்பம், வியட்நாம் குடும்பம், மூன்று தலைமுறையாக டெக்சாஸில் இருக்கும் குடும்பம் எல்லாரும் எங்களுக்குப் பழக்கமானதும் அந்தக் குளக்கரையில்தான். ஏரியைச் சுற்றி நடைபாதை இருக்கிறது. புயலில் முறிந்த மரத்தை மறுநாளே அப்புறப்படுத்துகிறார்கள். 2021 பிப்ரவரியில் டெக்சாஸே மின்சாரமின்றி உறைந்து கிடந்தபோது குளத்தின் பம்ப் அறையில் குழாய்கள் வெடித்தன. சங்கத்தின் கையிருப்பு நிதியிலிருந்தே பழுது பார்த்தார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று யாரிடமும் தனியாக வசூலிக்கவில்லை. அந்த நிர்வாகத் திறமையை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் படகையும் டிரெய்லரையும் தெருவில் மாதக்கணக்கில் நிறுத்துவதில்லை. எதிர் வீட்டு வேலி சாய்ந்தால் கிடப்பில் கிடப்பதில்லை. அந்த விதிகளால் எனக்கு நன்மைதான். விதியே கூடாது என்று சொல்பவன் இல்லை நான்.

ஆனால் எச்.ஓ.ஏ. என்பது நம்மூர் அடுக்ககச் சங்கத்தைப் போன்றது என்று நினைத்து யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். இந்தச் சங்கத்திலிருந்து விலக முடியாது. சங்கத்தின் விதிகளைச் சொல்லும் நிபந்தனைப் பத்திரம் நிலத்தோடு பிணைந்தது. வீட்டை யார் வாங்கினாலும் அது அவரையும் கட்டும். இந்த முறை சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இங்கு வேரூன்றியது. கான்சாஸ் சிட்டியில் ஜே. சி. நிக்கல்ஸ் உருவாக்கிய குடியிருப்புகளில், புல்வெளிக்கும் வேலிக்கும் விதி சொன்ன அதே பத்திரங்கள் கறுப்பின மக்களுக்கு வீட்டை விற்கக்கூடாது என்றும் சொல்லின. அப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்று 1948இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1968இல் வந்த வீட்டுவசதிச் சட்டம் அந்தப் பாகுபாட்டையே தடைசெய்தது. இன்று புதிதாக எழுதும் பத்திரங்களில் அந்த வரிகள் இல்லை. யார் கண்ணுக்கு எது அழகோ அதுவே தெருவின் சட்டம் என்ற எண்ணம் மட்டும் இன்னும் போகவில்லை என்பது என் கருத்து.

சந்தா கட்டத் தவறினால் சங்கம் வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுவரலாம். டெக்சாஸில் குடியிருக்கும் வீட்டைக் கடன்காரர்கள் எளிதில் தொட முடியாது என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பாதுகாப்பு சங்கத்தின் சந்தா பாக்கிக்குச் செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1987லேயே சொல்லிவிட்டது. வெறும் அபராதத்துக்காக மட்டும் வீட்டை ஏலம் விட முடியாது என்பது ஓர் ஆறுதல். ஆகவே சண்டை எதுவானாலும் சந்தாவை மட்டும் நிறுத்தாதீர்கள்.

இனி அந்தப் புல்லுக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டு முன்னால் இருப்பது செயின்ட் அகஸ்டின் புல். வீட்டைக் கட்டிய நிறுவனம் போட்டது. நடைபாதை சிமென்ட்டை ஒட்டிய ஓரத்தில் ஒவ்வொரு கோடையிலும் ஒரு திட்டு மஞ்சளாகும், பிறகு வைக்கோல் நிறமாகும், பிறகு அகலும். பார்ப்பவர்களுக்கு அது தண்ணீர் இல்லாமல் காய்ந்ததாகத் தெரியும். உண்மையில் அது சிஞ்ச் என்ற பூச்சியின் வேலை. அதைக் கண்டுபிடிக்க இங்குள்ள தோட்டக்காரர்கள் எல்லாரும் சொல்லும் வழி ஒன்று உண்டு. காபித்தூள் டப்பாவின் இரண்டு பக்கத் தகட்டையும் வெட்டி எடுத்துவிட்டு, மஞ்சள் புல்லும் பச்சைப் புல்லும் சேரும் இடத்தில் மண்ணுக்குள் இரண்டு அங்குலம் இறங்கும்படி அழுத்த வேண்டும். டப்பா நிறையத் தண்ணீர் ஊற்றி, வடிய வடிய மேலும் ஊற்றிக்கொண்டே ஐந்து பத்து நிமிடம் பொறுத்தால் பூச்சிகள் மிதந்து மேலே வரும். எள்ளைவிடச் சற்றே பெரிய கறுப்பு உடல், முதுகில் வெள்ளைச் சிறகு. குஞ்சுகள் செம்மஞ்சள் நிறம், இடுப்பில் ஒரு வெள்ளைக் கோடு. புல்லின் சாற்றை உறிஞ்சியே அதைக் கொன்றுவிடும். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் செத்த புல் பிழைக்காது. மருந்தடித்துப் பூச்சியை அழித்த பிறகு, பக்கத்துப் புல் கொடி ஓடி அந்த இடத்தை மூட வேண்டும். இல்லையென்றால் புதுப் புல் பாளங்களை வாங்கிப் பதிக்க வேண்டும். 14 நாளில் கொடி ஓடி மூடாது. ஆகஸ்ட் வெயிலில் பதித்த பாளம் தாக்குப்பிடிப்பதும் அரிது.

இதையெல்லாம் எழுதி, டப்பாவில் மிதக்கும் பூச்சியைப் படமெடுத்து, மருந்து வாங்கிய ரசீதையும் சேர்த்துச் சங்கத்துக்காக இந்த வேலைகளைப் பார்க்கும் மேலாண்மை நிறுவனத்துக்கு அனுப்பினேன். பதில் என்ன தெரியுமா? முதல் கடிதத்தின் அதே வாசகம், தேதி மட்டும் புதிது, இந்த முறை பதிவுத் தபாலில். விசாரணை வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். டெக்சாஸ் சட்டப்படி அறிவிப்பைத் தபாலில் அனுப்பிய 30 நாளுக்குள் கேட்டால் சங்கத்தின் நிர்வாகக் குழு நம்மை நேரில் கேட்டாக வேண்டும். 2021இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, நமக்கு எதிராக அவர்கள் வைத்திருக்கும் படங்களையும் ஆவணங்களையும் விசாரணைக்கு 10 நாள் முன்பே நம்மிடம் தர வேண்டும். தந்தார்கள். எல்லாம் காருக்குள்ளிருந்து எடுத்த படங்கள். நான் அனுப்பிய விளக்கம் அந்தக் கட்டில் இல்லவே இல்லை.

குழுவில் இருப்பவர்கள் நல்ல மனிதர்கள். சம்பளம் வாங்காமல் மாலை நேரத்தை இதற்குக் கொடுக்கிறவர்கள். குளக்கரை மண்டபத்தில் உட்கார்ந்து என் படங்களைப் பார்த்தார்கள். பின்தெருவில் இருக்கும் பெரியவர் ஒருவர், "என் வீட்டிலும் இதே பூச்சிதான். என்ன மருந்து போட்டீர்கள்?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அபராதத்தை அங்கேயே ரத்து செய்தார்கள். வருத்தமும் தெரிவித்தார்கள். அன்று வீடு திரும்பும்போது இந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு உண்மையான மதிப்பு வந்தது.

அடுத்த கோடையில் அதே கடிதம். அதற்கடுத்த கோடையிலும். குழு சொன்னது மேலாண்மை நிறுவனத்தின் கோப்பில் ஏறவில்லை. கார் ஓட்டி வருபவருக்கு என் வீட்டு எண்ணும் புல்லின் நிறமும் மட்டுமே தெரியும். தொலைபேசியில் அழைத்தால் ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுக்கிறார். முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. என்னை எரிச்சலூட்டுவது விதி அல்ல, அபராதத் தொகையும் அல்ல. நாற்பது அடி தூரத்தில் நான் நின்றுகொண்டிருக்கும்போதே படமெடுத்துக்கொண்டு, "என்ன ஆயிற்று இந்தப் புல்லுக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் போகும் அந்தக் கார்தான்.

2025 செப்டம்பரில் அமலுக்கு வந்த ஒரு சட்டம் இருக்கிறது. தண்ணீர்க் கட்டுப்பாடு இருக்கும் காலத்திலும், அது நீங்கிய பின் 60 நாள் வரையிலும், புல் பழுப்பானதற்காகச் சங்கங்கள் அபராதம் போடக்கூடாது. நல்ல சட்டம். பூச்சிக்குத்தான் அதில் இடமில்லை. மற்றபடி டெக்சாஸ் சட்டம் வீட்டுக்காரர் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துதான் வருகிறது. சூரிய மின் தகடுகளை அடியோடு மறுக்க முடியாது. மழைநீர்த் தொட்டியையும் வறட்சி தாங்கும் செடிகளையும் முற்றாகத் தடுக்க முடியாது. வாசலில் சமய அடையாளம் வைப்பதற்கு முன்பு 25 சதுர அங்குலம் என்று அளவு இருந்தது. 2021இல் அதை எடுத்துவிட்டார்கள். எங்கள் நிலைவாசல் மாவிலைத் தோரணத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை.

நண்பரே, வாங்குவதென்றே முடிவு செய்தால் குளத்தைப் பார்த்து மயங்காமல் காகிதத்தைக் கேளுங்கள். மறுவிற்பனைச் சான்றிதழ் என்று ஒன்று தருவார்கள்; அதற்கு 375 டாலருக்கு மேல் வாங்கக்கூடாது. கையிருப்பு நிதி எவ்வளவு, சங்கத்தின் மேல் வழக்கு இருக்கிறதா, நீங்கள் வாங்கும் வீட்டின் மேல் விதிமீறல் பதிவாகியிருக்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும். எந்த மீறலுக்கு எவ்வளவு அபராதம் என்ற பட்டியலைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்; அப்படியொரு அபராதக் கொள்கையை எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது 2024 முதல் சட்டம். குழுக் கூட்டங்கள் உறுப்பினர்களுக்குத் திறந்தவை. தெரிந்தவர் யாராவது அங்கே இருந்தால் கடைசிக் கூட்டங்களின் குறிப்புகளை வாங்கித் தரச் சொல்லுங்கள். அதில் பாதிக்கு மேல் புல், குப்பைத் தொட்டி என்று இருந்தால் அந்த இடத்தின் குணம் புரிந்துவிடும்.

புதிய குடியிருப்பு என்றால் இன்னொன்றும் உண்டு. முக்கால்வாசி மனைகள் விற்கும்வரை குழு முழுவதும் மனை போட்ட நிறுவனத்தின் கையிலேயே இருக்கலாம். அதற்குப் பிறகுதான், அதுவும் மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கு, குடியிருப்பவர்கள் ஓட்டுப் போட்டு ஆள் அனுப்ப சட்டம் வழிசெய்கிறது. மேலாண்மை நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுவதும் அதுவரை மனை போட்டவர்கள்தான். சில இடங்களில் எச்.ஓ.ஏ. சந்தாவுக்கு மேல், குடிநீர், கழிவுநீர் வசதிகளுக்கான தனி மாவட்டத்தின் வரி ஒன்றும் சொத்து வரியோடு வரும். இரண்டையும் சேர்த்து மாதக் கணக்குப் போடுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, குளம், ஏரி, நல்ல குழு, நிதி ஒழுங்கு என்று நான் பாராட்டியதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் "வாங்குங்கள்" என்றுதான் வர வேண்டும். நான் வாங்காதீர்கள் என்கிறேன். உங்களுக்கு வயதான அம்மா கூட இருக்கிறார், பகல் முழுவதும் அவர்தான் வீட்டில் இருப்பார். ஒவ்வொரு தபாலிலும் என்ன குற்றம் வந்திருக்கிறதோ என்று அவர் உறையைக் கையில் வைத்துக்கொண்டு உங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். என் மனைவி அப்படித்தான் காத்திருக்கிறாள், அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடித்ததும் நாங்களும் இங்கிருந்து மாறிவிடுவது என்று இந்தக் கடிதம் வந்த அன்றே பேசி முடிவு செய்துவிட்டோம்.

ரிச்சர்ட்சன், பழைய பிளேனோ பகுதிகளில் 1970களில் கட்டிய வீடுகளைப் பாருங்கள். பல தெருக்களில் சங்கம் விருப்பம் இருந்தால் சேர்வதுதான், கட்டாயமில்லை. புல் அளவுமீறி உயர்ந்தால் நகராட்சி கேட்கும், அவ்வளவே. மரங்கள் வளர்ந்து நிழல் கொடுத்துக்கொண்டிருக்கும். இந்தக் களிமண்ணில் அஸ்திவாரம் அசைந்திருக்க வாய்ப்புண்டு, கழிவுநீர்க் குழாய் பழைய வார்ப்பிரும்பாக இருக்கலாம். ஆகவே பொறியாளர் ஒருவரை வைத்து அஸ்திவாரத்தை அளந்து பாருங்கள், குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை என்றால் நானும் கூட வருகிறேன்.