மரச் செதுக்கலுக்கு 4 இஞ்ச் பெஞ்ச் வைஸ்: வாங்கலாமா?

கடலூரிலோ பாண்டியிலோ ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போய், "மரம் செதுக்கும்போது பிடிச்சுக்க ஏதாவது குடுங்கண்ணா" என்று கேட்டால், பெரும்பாலும் கவுன்ட்டரில் வந்து உட்காருவது அடி சுழலும் 4 இஞ்ச் வார்ப்பிரும்பு பெஞ்ச் வைஸ்தான். 4 இஞ்ச் என்பது பொருளைக் கவ்வும் தாடையின் அகலம். இது ஃபிட்டருக்காகச் செய்த சாமான். இரும்பைக் கவ்வி அரம் போடுவதற்கு ஏற்ற அமைப்பு. செதுக்கல் வேலைக்கும் இதை வாங்கலாம். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு மரத்தைக் கவ்வவிட்டால் மரமும் கெடும், உளியும் கெடும்.

முதலில் கடையில் பார்க்க வேண்டியவை. தாடையை முழுக்கத் திறந்து, அசையும் தாடையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கொஞ்சம் ஆட்டம் எல்லா வைஸிலும் உண்டு. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தலை கவிழ்ந்தால் வேறு கேளுங்கள். பிறகு ஒரு காகிதத்தை மூன்று கீற்றாகக் கிழித்து இடது, நடு, வலது என்று வைத்துத் தாடையை மூடுங்கள். மூன்றும் ஒரே இறுக்கமாக நிற்க வேண்டும். ஒன்று மட்டும் உருவிக்கொண்டு வந்தால் தாடை கோணல். பெயிண்ட் எங்காவது தடிப்பாகத் திரண்டிருந்தால், வார்ப்பில் விழுந்த ஓட்டையைப் பட்டி வைத்து மூடியிருக்கலாம். தாடைத் தகடுகள் திருகாணியால் மாட்டியவைதானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தத் துளைகள் பின்னால் தேவைப்படும். பாண்டி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய வைஸ் கண்ணில் பட்டால் இதே சோதனைதான். கூடுதலாக, கைப்பிடி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். வளைந்திருந்தால் யாரோ பைப் மாட்டி இறுக்கியிருக்கிறார்கள், உள்ளே மரை (திருகின் வரி) தேய்ந்திருக்கும்.

மேசையில் பொருத்துவதில்தான் பலரும் சிக்கனம் பார்க்கிறார்கள். மரத் திருகாணி போட்டு இறுக்கினால் கொட்டாப்புளி (மரச் சுத்தியல்) அடிக்கு ஒரே மாதத்தில் துளை பெரிதாகிவிடும். மேசைப் பலகையை ஊடுருவிப் போகும் போல்ட்டு, அடியில் அகல வாஷர், அதன்மேல் நட்டு என்றுதான் மாட்ட வேண்டும். வைஸ் அடியின் துளைக்குள் தாராளமாக நுழைகிற பெரிய போல்ட்டாகப் போடுங்கள், பெரும்பாலும் 10 அல்லது 12 மி.மீ. வரும். பலகை 2 இஞ்ச் தடிமனாவது இருக்கட்டும். அசையாத தாடை மேசை விளிம்பைவிட நூலளவு வெளியே நின்றால்தான் நீளமான கட்டையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டுக் கவ்வ முடியும். நின்று செதுக்குகிறவர்களுக்குத் தாடையின் மேல் விளிம்பு முழங்கை மட்டத்துக்கு வர வேண்டும். சாதாரண 30 இஞ்ச் மேசையில் ஏற்றினால் 36 இஞ்ச் பக்கம்தான் வரும், பெரும்பாலானவர்களுக்கு நாலைந்து இஞ்ச் தாழ்வு. வைஸுக்கு அடியில் கனமான கட்டை கொடுத்து உயர்த்திவிடுங்கள். இல்லையென்றால் மாலைக்குள் இடுப்பு ஞாபகப்படுத்தும்.

இந்த வைஸின் பெரிய குறை தாடைத் தகடு. குறுக்கும் நெடுக்கும் பல் வெட்டிய எஃகு அது. குமிழ் போன்ற மென்மையான மரத்தில் ஒரு இறுக்கு இறுக்கினால் பல்தடம் அப்படியே பதியும், பிறகு உப்புத்தாள் போட்டாலும் போகாது. தகட்டைக் கழற்றிவிட்டு மரத்தாடை போடுவதுதான் வழி. 20 மி.மீ. தடிமன், 6 இஞ்ச் நீளத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். உயரம் இரும்புத் தாடையைவிட 10 மி.மீ. அதிகமாக இருக்க வேண்டும். உளி வழுக்கினால் அந்த 10 மி.மீ. மரத்தில்தான் போய் இறங்கும், இரும்பில் மோதாது. பழைய திருகாணியைக் கடைக்குக் கொண்டுபோய் அதே மரையில் நீளமானதாக வாங்கிக்கொள்ளுங்கள். தலை மரத்துக்குள் 5 மி.மீ. புதைந்திருக்கட்டும். முகத்தில் பழைய தோல் ஒட்டினால் போதும். சைக்கிள் டியூப் ஒட்டுகிறவர்களும் உண்டு. பிடி நன்றாக இருக்கும், ஆனால் கொட்டாப்புளியால் அடிக்கும்போது மரம் துள்ளும். இதையெல்லாம் மாட்டியபின் திறப்பில் சுமார் ஒரு இஞ்ச் குறையும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையில் எப்படி? பொம்மை, கரண்டி, கைப்பிடி போன்ற முழு உருவங்களுக்கு நன்றாகவே ஒத்துழைக்கிறது. கட்டையின் அடியில் 2 இஞ்ச் உபரி விட்டு, அந்த உபரியைக் கவ்விக்கொண்டு மேலே செதுக்கி, கடைசியில் அறுத்து எடுத்துவிடலாம். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையென்றால் இந்தப் பிடிக்கு அசையாமல் நிற்கும். பச்சை மரமாக இருந்தால் எச்சரிக்கை: இரவு இறுக்கிவிட்டுப் போனது காலையில் சுருங்கித் தளர்ந்திருக்கும், உளியை எடுக்குமுன் கைப்பிடியை ஒரு முறை திருகிப் பாருங்கள். கட்டையைத் தாடையின் ஒரு ஓரத்தில் மட்டும் கவ்வினால் அசையும் தாடை கோணிக்கொள்ளும். மறு ஓரத்தில் அதே தடிமனில் ஒரு துண்டு கொடுக்க வேண்டும். கொட்டாப்புளி அடி எப்போதும் அசையாத தாடையை நோக்கிப் போகட்டும். எதிர்த்திசையில் அடித்தால் முழு அதிர்ச்சியும் மரைக்குப் போகிறது. சுழலும் அடி கோணம் மாற்ற வசதிதான். என்ன இறுக்கினாலும் கனமான அடிக்கு அது மெல்ல நகரும். பெரிய சீவல் எடுக்கும் வேலையை முதலில் நேராகப் பூட்டி முடித்துவிட்டு, நுணுக்க வேலைக்குச் சுழற்றிக்கொள்வது நல்லது.

குடைந்த முகமூடி, கிண்ணம் இதெல்லாம் இந்த வைஸுக்கு ஆகாது. சுவர் மெலியும்போது இருபக்கமும் நெருக்கினால் இழையோடு விரிசல் விடும்.

தட்டையான பலகைச் செதுக்கல்தான் அடுத்த சிக்கல். பூஜை அறைக் கதவு, பெயர்ப்பலகை, பூவேலை எல்லாம் 4 இஞ்ச் தாடைக்குள் அடங்காது. இதற்கு வைஸைக் கொண்டு மரத்தைப் பிடிக்காமல், மரத்தைச் சுமக்கும் பலகையைப் பிடிக்க வையுங்கள். 18 மி.மீ. பிளைவுட்டில் 12க்கு 18 இஞ்ச் துண்டு. அடியில் நடுவே 2 இஞ்சுக்கு 2 இஞ்ச் கட்டையை ஃபெவிகாலும் திருகாணியும் போட்டுப் பிணையுங்கள். வைஸ் கவ்வுவது இந்தக் கட்டையை. மேலே மூன்று பக்கமும் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்). செதுக்கும் பலகை 20 மி.மீ. என்றால் ரீப்பர் 12 மி.மீ. உயரம் போதும், அதற்கு மேல் போனால் உளி தட்டும். நாலாவது பக்கம் ஒரு ரீப்பரை சுமார் ஒன்றரை இஞ்ச் தள்ளி அடித்து, இடைவெளியில் எதிரெதிராக இரண்டு ஆப்பு. 160 மி.மீ. நீளத்தில் 30லிருந்து 10 மி.மீ. ஆகக் குறையும் ஆப்பு செதுக்கும் அடிக்கு நகராது, குறுகிய முனையில் தட்டினால் கழலும். இடைவெளிக்குத் தக்க ஆப்பின் அகலத்தை இழைத்துக்கொள்ளுங்கள். பலகை இதைவிடப் பெரிதானால் ஓரத்தில் அடிக்கும்போது தராசுபோல் சாயும்.

ஆப்புக்கு ஓரம் கொடுக்காத வளைவான வடிவமென்றால் காகித ஒட்டுதான் கைகொடுக்கும். பிளைவுட்டில் மெல்லிய ஃபெவிகால், மேலே செய்தித்தாள், அதன்மேல் மீண்டும் ஃபெவிகால், பிறகு மரம். கிளாம்ப் போட்டு ஒரு இரவு விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் ஒரு நாள் கூடுதலாக விடுவது உத்தமம். வேலை முடிந்ததும் அகல உளியையோ பட்டி பிளேடையோ இழையின் போக்கில் நுழைத்து மெல்லத் தட்டினால் காகிதம் நடுவில் பிளந்து மரம் கழன்று வரும். தண்ணீர் தாங்கும் மரைன் வகைப் பசையை இதற்குப் போடாதீர்கள், எச்சத்தை ஈரத்துணியால் துடைத்தெடுக்க முடியாமல் போகும்.

பின்பக்கமிருந்து திருகாணி போடுவதும் உறுதியான வழி, கணக்கு சரியாக இருந்தால். 38 மி.மீ. பலகையில் 12 மி.மீ. ஆழம் செதுக்கினால் மிச்சம் 26. ஒன்றரை இஞ்ச் திருகாணி 18 மி.மீ. பிளைவுட்டைத் தாண்டி 20 மி.மீ. ஏறும். இடையில் 6 மி.மீ. தான் பாதுகாப்பு. அதற்கு மேல் குடைந்தால் உளியின் வாய் திருகாணி முனையில் போய் உடையும்.

பாதுகாப்பு விஷயத்தில் இந்த வைஸுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம், காரணம் எளிது: இரண்டு கையும் உளிக்குப் பின்னால் வந்துவிடுகிறது. தரையில் உட்கார்ந்து பாதத்தால் கட்டையை அணைத்துச் செதுக்கும் கைப்பழக்கம் நம் ஊர்ச் சிற்பிகளுக்கு உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதைப் பார்த்துச் செய்ய வேண்டாம். வெட்டுத் தாங்கும் கையுறை கிடைக்கிறது. கத்தி உரசினால் காப்பாற்றும், உளிமுனை நேராகக் குத்தினால் காப்பாற்றாது. டிரில், கிரைண்டர் பக்கம் போகும்போது அதைக் கழற்றிவிடுங்கள், நூல் சுற்றிக்கொண்டால் கையையும் இழுக்கும்.

பராமரிப்பில் நம் கடற்கரை ஊர்களுக்கு ஒரு தனித் தொல்லை. உப்புக்காற்றுக்குப் பயந்து மரையில் கிரீஸ் அப்பினால் மரத்தூள் அதில் குழைந்து களிம்பாகிவிடும், கைப்பிடி திருகவே வராது. பிரஷ்ஷால் தூளைத் தட்டிவிட்டு, துணியில் இரண்டு சொட்டு எண்ணெய் தொட்டுத் துடைப்பது போதும். பெயிண்ட் இல்லாத இடங்களில் மெழுகு தேய்த்து வையுங்கள்.

முழு உருவம் செய்கிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். வெறும் பலகைச் செதுக்கல் மட்டும்தான் செய்வீர்கள் என்றால் வைஸுக்கு ஆகும் பணத்தில் நாலைந்து 4 இஞ்ச் சி கிளாம்ப் வாங்கிக்கொள்ளுங்கள். குறைந்தது இரண்டாவது ஒரே நேரத்தில் போட வேண்டும், ஒன்று மட்டும் போட்டால் அதையே அச்சாக வைத்துப் பலகை சுழலும். திருகும் கைப்பிடி மேசைக்குக் கீழே இருக்கும்படி தலைகீழாக மாட்டுங்கள். மேலே நின்றால் உளியோடு போகும் மணிக்கட்டு அதில்தான் இடிக்கும்.