மலை ஹக்கில்பெரியா, காட்டு புளூபெரியா?

சுவையை மட்டும் வைத்துக் கேட்டால் என் ஓட்டு வட அமெரிக்காவின் மேற்கு மலைகளில் விளையும் ஹக்கில்பெரிப் பழத்துக்குத்தான், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் காட்டு புளூபெரி மட்டும் எப்படி டன் கணக்கில் அறுவடையாகி டொராண்டோ கடைகளில் உறைந்த பாக்கெட்டாகக் கிடைக்கிறது, ஹக்கில்பெரிக்கு ஏன் இன்னும் மலையேற வேண்டியிருக்கிறது என்று கேட்டால், செடிகளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

இரண்டும் வாக்சினியம் பேரினம்தான். (நீலகிரி, பழனி மலைச் சோலைகளில் வளரும் வாக்சினியம் லெசனால்டியும் இவற்றுக்கு உறவுதான்.) காட்டு புளூபெரி, அதாவது வாக்சினியம் அங்குஸ்டிஃபோலியம், மெய்ன், நோவா ஸ்கோஷியா, கியூபெக் பக்கத்துச் செடி, பெரும்பாலும் முழங்காலைக்கூட எட்டாது. மலை ஹக்கில்பெரி, வாக்சினியம் மெம்ப்ரனேசியம், ஐடஹோ, மொன்டானா, வாஷிங்டன், பிரிட்டிஷ் கொலம்பியா மலைச்சரிவுகளில் இடுப்புயரம் வரை வளரும். இரண்டுக்கும் அமில மண் வேண்டும், இரண்டும் மண்ணுக்கடியில் கிடைத்தண்டு ஓடவிட்டுப் பரவும். இதுவரை பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை.

பூவில்தான் கதை மாறுகிறது. புளூபெரியில் வெள்ளையாகவோ லேசான ரோஸ் நிறத்திலோ சின்னச் சின்னக் குடுவைப் பூக்கள் கிளை நுனியில் கொத்தாகத் தொங்கும், அதனால் பழமும் கொத்தாகவே வரும். ஹக்கில்பெரியில் அந்த ஆண்டு வளர்ந்த தளிரில், ஓர் இலைக்கக்கத்துக்கு, அதாவது இலை தண்டோடு சேரும் இடுக்குக்கு, ஒரே ஒரு பூ, ஒரே ஒரு பழம், அவ்வளவுதான். மெய்ன் வயல்களில் நீண்ட பற்கள் கொண்ட வாரியால் ஒரே இழுப்பில் ஒரு கொத்தையே அள்ளிவிடுகிறார்கள். அதே வாரியை ஹக்கில்பெரிப் புதரில் போட்டால் பழத்தோடு இலையும் இளந்தளிரும் பிய்ந்து வரும். அதை யார் செய்தாலும் எனக்குப் பிடிக்காது. விரலால் ஒவ்வொன்றாகப் பறிப்பதுதான் அந்தச் செடிக்குச் செய்யும் மரியாதை.

புளூபெரி வயலை யாரும் நட்டு உண்டாக்குவதில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. காட்டை அகற்றிய இடத்தில் ஏற்கெனவே தரையடியில் இருந்த செடிகள் தாமாகப் பரவியவை அவை. அதனால் ஒரே வயலில் பல வம்சங்கள் கலந்து நிற்கும், பழத்தின் நிறமும் இனிப்பும் திட்டுத் திட்டாக மாறும். ஓர் ஆண்டு தரையோடு வெட்டியோ எரித்தோ விடுவார்கள், அந்த ஆண்டு தழையும் மொட்டும், அடுத்த ஆண்டு பழம். இந்தச் சுழற்சிக்கு அது அலுக்காமல் ஈடுகொடுக்கிறது. ஹக்கில்பெரி அப்படி இல்லை. விதையிலிருந்து காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும், தோட்டத்துக்குக் கொண்டுவர எடுத்த முயற்சிகள் இன்னும் பெரிய வணிகப் பயிராகவில்லை. அதற்கும் தீ தேவைதான். பழங்குடி மக்கள் பழக்காடுகளை அவ்வப்போது எரித்து வெளிச்சம் விழ வைத்திருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் தீயைத் தடுக்கத் தடுக்க, ஊசியிலை மரங்கள் மேலே மூடிக்கொண்டு பல பழத்திட்டுகள் காய்ப்பதையே குறைத்துக்கொண்டன. இது கரடிக்கும் இழப்பு, குளிர்கால உறக்கத்துக்கு முன் கிரிஸ்லி வகைக் கரடி கொழுப்பு சேர்ப்பதில் இந்தப் பழத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

கிழக்கே போனால் கறுப்பு ஹக்கில்பெரி என்று மூன்றாவதாக ஒன்று குறுக்கே வரும். அது வேறு பேரினம், கேலுசாசியா பக்காட்டா. ஓக், பைன் காடுகளின் வறண்ட மண்ணில், பெரும்பாலும் புளூபெரிக்குப் பக்கத்திலேயே நிற்பதால் குழப்பம் சகஜம். இலையைத் திருப்பி வெயிலில் பிடித்துப் பாருங்கள்: பொன்மஞ்சளில் பிசின் புள்ளிகள் மின்னும், தொட்டால் லேசாக ஒட்டும். புளூபெரி இலையில் அது கிடையாது. இன்னும் சந்தேகம் என்றால் ஒரு பழத்தைக் கடித்தால் போதும், புளூபெரியின் விதைகள் இருப்பதே தெரியாத அளவுக்குப் பொடி, இதிலோ பத்து கெட்டி விதைகள் பல்லில் நறநறக்கும். சாப்பிட அது எனக்கு மூன்றாம் இடம்தான், ஆனால் மற்றவை திணறும் பாறைமேட்டில்கூடத் தழைக்கும் செடி என்பதால் அதை மட்டமாகப் பேச மனம் வராது.

சரி, யாருக்கு எது? பை, மஃபின், ஜாம் என்று கிலோ கணக்கில் வேண்டுமென்றால் யோசிக்காமல் காட்டு புளூபெரி வாங்குங்கள். சதை வரைக்கும் ஊதா ஊறிய, புளிப்பும் மணமும் தூக்கலான பழம் வேண்டுமென்றால் ஆகஸ்ட், செப்டம்பரில் மலைக்குப் போங்கள், போகும் முன் அந்த வனப்பகுதியின் பறிப்பு விதிகளைப் படித்துவிடுங்கள். வாஷிங்டன் மாநிலத்தில் ஆடம்ஸ் மலைக்கு அருகே சாடூத் பழவெளியில் 1932இல் யாக்கமா பழங்குடித் தலைவர் வில்லியம் யாலப்புக்கும் வனத்துறைக்கும் கைகுலுக்கலில் முடிந்த ஒப்பந்தப்படி ஒரு பகுதி பழங்குடியினருக்கே உரியது. அங்கே வாளியோடு இறங்கும் முன் எந்தப் பகுதியில் நிற்கிறோம் என்று பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.