எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா: நம்பி விடலாம், நேரம்தான் சிக்கல்

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் கைப்பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போவது என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போர்டில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று போட்டிருந்தாலும் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் அந்த இடம் எங்கள் டிவிசனில், அதாவது தோட்டத்தின் எங்கள் பிரிவில், எல்லோருக்கும் பிள்ளைக்காம்பராதான். என் மகள் அங்கேதான் வளர்கிறாள்.

முதலில் ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயிற்சி எடுத்தவர். எந்தப் பிள்ளைக்குச் சளி, எது காலையில் சாப்பிடாமல் வந்தது என்று கேட்காமலே சொல்வார், எடை குறைந்தால் அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுவார். முன்பெல்லாம் இருட்டு அறையில் வரிசையாகச் சேலைத் தொட்டில் கட்டிப் பிள்ளைகளைத் தூங்க வைப்பதோடு சரி. இப்போது பாட்டு, படம், விளையாட்டு எல்லாம் உண்டு. பகலில் சோறு, பருப்பு, கீரை கொடுக்கிறார்கள். காசு வாங்குவதில்லை. டவுனில் நான் விசாரித்த டேகெயாரில் கேட்ட தொகை என் கடைச் சம்பளத்தில் பாதிக்குக் கிட்ட வந்தது, அதைக் கொடுத்துவிட்டு நான் எதற்கு வேலைக்குப் போக வேண்டும்?

குறை என்றால் நேரம்தான். மலையில் கொழுந்து எடுக்கிற நேரத்துக்குத் திறந்து அந்த நேரத்துக்கே மூடுகிறார்கள். நான் கடை முடிந்து பஸ் பிடித்து வருவதற்குள் இருட்டிவிடும், அதனால் மாமியார்தான் மலையிலிருந்து இறங்கிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறார். சொல்லப்போனால் மகளைச் சேர்த்ததே மாமியாருக்குத் தோட்டத்தில் பேர் இருப்பதால்தான், அதாவது அவர் தோட்டத் தொழிலாளியாகப் பதிவாகி இருப்பதால்தான். பக்கத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) தோட்டத்தில் பேர் இல்லாமல் மரக்கறித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற அக்காவின் பிள்ளையை எடுக்கவில்லை. அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பள்ளிக்கூடம் போக வேண்டிய அதன் அக்காள். இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது.

இன்னொன்று, பால்குடிப் பிள்ளைகள். மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒன்பது மணி நேர வேலையில் தாய்க்கு இரண்டு இடைவேளை உண்டு, பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி நேரம், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். ஆனால் மேல் மலையில் கொழுந்து எடுக்கிற நாளில் இறங்கி ஏறவே அந்த அரை மணி போதாது. கூடுதல் நேரம் எடுத்தால் கிலோ குறையும், அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். அடிப்படை நாள் சம்பளம் 2024இல் 1350 ரூபாய் ஆனது, நாள் சம்பளத்தில் பாதியை இழக்க யாரால் முடியும்? அதனால்தான் நிறையப் பேர் சீக்கிரமே பால்மாவுக்கு மாறிவிடுகிறார்கள். பிள்ளைக்காம்பரா எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தாய் போய்ச் சேர முடியாவிட்டால் என்ன பயன்?

உங்கள் டிவிசனில் சேர்ப்பதற்கு முன் ஒருதரம் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள், ஒரு ஆயாவிடம் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிப் பாருங்கள். தோட்டத்தில் பேர் இல்லாதவர்களின் பிள்ளைகளை எடுப்பார்களா, மாலை ஆறு மணி வரை வைத்திருப்பார்களா என்று ஆபீசில் நேரடியாகக் கேளுங்கள். நாங்கள் சில தாய்மார் சேர்ந்து எங்கள் தோட்டத்து மேலாளரான துரையிடம் கேட்டிருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை.